கில்டேர் நெருப்பும் பிரிஜிட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் பிப்ரவரி 1 பிரிஜிட் திருநாள். அன்று கோவில்களில் புனித பிரிஜிட்டுக்குத் திருப்பலி நடக்கும். அதே நாளில், அதே பெயரில், கிறித்தவத்துக்கு முந்தைய ஒரு பெண் தெய்வத்துக்கு விளக்கேற்றுபவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் இணைப்பது நெருப்பு, அதிலும் கில்டேர் என்ற ஊரில் பிரிஜிட்டின் பெயரால் கன்னியர் அணையாமல் காத்த நெருப்பு. இந்த நெருப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

பிரிஜிட் புனிதரா, தெய்வமா?

இரண்டும்தான். புனித பிரிஜிட் 451 வாக்கில் பிறந்து 525 வாக்கில் இறந்தார் என்பது மரபு. டப்ளினுக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள கில்டேரில் மடம் நிறுவியவர். பேட்ரிக், கொலும்பா இருவரோடு சேர்த்து அயர்லாந்தின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார். அதே பெயருள்ள பெண் தெய்வம் பழைய ஐரிஷ் கதைகளில் தாக்டா என்ற பெருந்தெய்வத்தின் மகளாக வருகிறாள்.

குழப்பம் புனிதரின் வாழ்க்கைக் கதைகளிலேயே தொடங்கிவிடுகிறது. அவருடைய தாய் ஓர் அடிமைப் பெண். குழந்தை பிறந்தது சூரியன் எழும் நேரத்தில், வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், நிலைப்படியில். வளர்ந்தது ஒரு துரூயிதின், அதாவது பழைய சமயப் பூசாரியின் வீட்டில். குழந்தை உறங்கிக்கொண்டிருந்த வீடு பற்றி எரிவதைக் கண்டு ஊரார் ஓடிவருகிறார்கள்; வந்து பார்த்தால் நெருப்பே இல்லை. பின்னொரு நாள் நனைந்த மேலாடையைச் சூரியக் கதிரின் மேல் காயப்போடுகிறார், அது கொடிக்கயிறு போலத் தாங்கிக்கொள்கிறது. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் துறவிகள் எழுதிய கதைகள் இவை. ஒரு மடத்தலைவியைப் பற்றி எழுதும்போது இத்தனை வெளிச்சமும் தீயும் எங்கிருந்து வந்தன என்று ஆய்வாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அப்படி ஒரு தெய்வம் இருந்தாள் என்று யார் சொன்னது?

ஒரு கிறித்தவ ஆயர்தான் (பிஷப்) சொன்னார். கேஷலின் அரசராகவும் ஆயராகவும் இருந்து 908இல் போரில் மடிந்த கோர்மக்கின் பெயரில் ஒரு பழைய ஐரிஷ் சொல்விளக்கத் தொகுப்பு வழங்குகிறது. பிரிஜிட் என்பவள் பாவலர்கள் வழிபட்ட தெய்வம், தாக்டாவின் மகள், அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, இன்னொருத்தி கொல்லர் தொழிலுக்கு என்று அதில் இருக்கிறது. மூன்று பேருக்கும் ஒரே பெயர்.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, இது எழுதப்பட்டபோது அயர்லாந்து கிறித்தவமாகிச் சுமார் 400 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டாவது, இதில் வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. இருக்கிற ஒரே நெருப்பு கொல்லன் உலை நெருப்பு, அதுவும் நாமே ஊகித்துக்கொள்வது. 'பிரிஜிட் அடுப்புத் தீயின் தெய்வம்' என்று இன்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது பிற்கால வீட்டுச் சடங்குகளிலிருந்து பின்னோக்கிப் போய் ஒட்டிய அடையாளம்.

கதை இலக்கியத்தில் அவள் வரும் இடங்களில் என்னை உலுக்கியது வேறொன்று. மாய் துரா என்ற, பழைய ஐரிஷ் தெய்வங்களின் போர்க்கதையில் அவளுடைய மகன் ருவாதான் கொல்லப்படுகிறான். அவள் ஓலமிட்டு அழுகிறாள். அயர்லாந்தில் ஒப்பாரி முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான் என்கிறது கதை.

கெல்ட் மக்கள் தாங்களே எழுதிவைத்தது எதுவும் இல்லையா?

கெல்ட் மக்கள் என்பது அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த, ஒன்றுக்கொன்று உறவுள்ள மொழிகள் பேசிய பழைய இனத்தார். அவர்கள் எழுதியதாகச் சமயக் கதைகள் எதுவும் இல்லை. துரூயிதுகள் தங்கள் கல்வியை எழுத்தில் வைப்பதைத் தவிர்த்தார்கள் என்று ஜூலியஸ் சீசரே குறித்திருக்கிறார். அவர் கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், மக்கள் வணங்கிய தெய்வங்களுக்கெல்லாம் ரோமானியப் பெயர்களையே சூட்டிவிட்டார். கைத்தொழில்களைக் கற்றுத்தரும் பெண் தெய்வத்தை 'மினர்வா' என்றார். பிரிஜிட்டின் உறவுக்காரி யாரையோ அவர் சொல்கிறார் என்று பலர் கருதுகிறார்கள். இருக்கலாம்.

கல்லில் கிடைப்பது இன்னும் உறுதியானது. வட இங்கிலாந்தில் வாழ்ந்த பிரிகாந்தஸ் இனத்தாரின் தெய்வம் பிரிகாந்தியா. ஸ்காட்லாந்தின் பிரென்ஸ் என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த அவளுடைய சிற்பம் இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் ஈட்டி, தலையில் கோட்டைச் சுவர் வடிவில் மகுடம், முழுக்க மினர்வாவின் வேடம். அமாந்துஸ் என்பவர் செய்துவைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பெயர் ஒற்றுமை இருக்கிறதே தவிர, இவளும் அயர்லாந்துப் பிரிஜிட்டும் ஒருத்திதான் என்று நிறுவ முடியாது.

கெல்டிக் பெண் தெய்வத்தின் கோவிலில் நெருப்பு எரிந்ததாக அந்தக் காலத்துச் சாட்சி உண்டா?

உண்டு. ஆனால் அது அயர்லாந்தில் இல்லை, இங்கிலாந்தின் பாத் நகரில். அங்குள்ள வெந்நீர் ஊற்றின் தெய்வம் சூலிஸ். ரோமானியர் வந்ததும் சூலிஸ் மினர்வா ஆனாள். முதல் நூற்றாண்டிலேயே பெரிய கோவில் எழும்பியது. தன் மேலங்கியைத் திருடியவன், கையுறையைத் திருடியவன் நாசமாகப் போகட்டும் என்று ஈயத் தகட்டில் எழுதி மக்கள் ஊற்றில் போட்டார்கள். சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன.

3ஆம் நூற்றாண்டில் சொலினுஸ் என்ற லத்தீன் எழுத்தாளர் பிரிட்டனின் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி எழுதும்போது, அங்குள்ள மினர்வா கோவிலில் அணையாத நெருப்பு எரிகிறது, அது வெண்சாம்பலாக ஆவதில்லை, கல் உருண்டைகளாகிவிடுகிறது என்கிறார். அற்புதம் ஒன்றுமில்லை; பக்கத்துச் சாமர்செட் நிலக்கரியை எரித்திருக்கிறார்கள். விறகுச் சாம்பலையே பார்த்துப் பழகிய ரோமானியருக்கு நிலக்கரிக் கிட்டம் புதிதாக இருந்திருக்கும். கில்டேரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சியம் இதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் பிந்தியது.

சரி, கில்டேர் நெருப்பின் கதைதான் என்ன?

வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு 1180களில் அயர்லாந்துக்கு வந்தார். 1185இல் இளவரசர் ஜானின் பரிவாரத்தோடும் வந்தார். பிறகு எழுதிய அயர்லாந்து வருணனையில் கில்டேரைப் பற்றி அவர் சொல்வது இது.

பிரிஜிட்டின் நெருப்பை 19 கன்னியர் முறைவைத்து, ஆளுக்கு ஓர் இரவாகக் காக்கிறார்கள். 20ஆம் இரவு யாருக்கும் முறை கிடையாது. 19ஆவது கன்னி விறகை அடுக்கிவைத்துவிட்டு, 'பிரிஜிட், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள், இது உன் முறை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். காலையில் வந்து பார்த்தால் விறகு எரிந்திருக்கும், தீயும் உயிரோடு இருக்கும். பிரிஜிட் வாழ்ந்த காலத்தில் மொத்தம் 20 பேராம். அவர் இறந்த பிறகும் அந்த இடத்தை நிரப்பவில்லை.

நெருப்பைச் சுற்றி மிலாறு பின்னிய வட்ட வேலி. உள்ளே ஆண் கால்வைக்கக் கூடாது. தீயை வாயால் ஊதக் கூடாது. துருத்தியாலோ முறத்தாலோதான் விசிற வேண்டும். ஆங்கிலோ-நார்மன் படைத்தலைவர் ஸ்ட்ராங்போவின் வில்வீரன் ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்து நெருப்பை ஊதினான், அங்கேயே பித்துப்பிடித்தது. வழியில் கண்டவர் வாயிலெல்லாம் ஊதி, 'பார், பிரிஜிட்டின் தீயை இப்படித்தான் ஊதினேன்' என்றான். கடைசியில் தண்ணீர் கேட்டுக் குடித்துக் குடித்தே செத்தான். இன்னொருவன் ஒரு காலை உள்ளே வைத்ததும் தோழர்கள் பிடித்து இழுத்துவிட்டார்கள்; அந்தக் கால் மட்டும் சூம்பிப்போனது.

ஜெரால்டு அயர்லாந்து மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டியவர், படையெடுத்து வந்தவர்களின் கட்சி. இந்தக் கதையில் மட்டும் தன் கட்சி வீரர்களே தண்டனை வாங்குவதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இத்தனை விறகு எரிந்தும் சாம்பல் சேரவில்லை என்கிறார்களே?

ஜெரால்டு அப்படித்தான் எழுதினார். சாம்பல் வயலுக்கு உரம், துணி வெளுக்கக் காரம். விவசாய நாட்டில் யாரும் அதைக் குவித்துவைத்திருக்க மாட்டார்கள்.

ஏன் 19?

சந்திரனும் சூரியனும் ஒரே நிலைக்குத் திரும்ப 19 ஆண்டுகள் ஆகும், அதைக் குறிக்கிறது என்பது ஒரு கருத்து. அழகான ஊகம்தான். ஜெரால்டு காரணம் எதையும் சொல்லவில்லை.

அந்த நெருப்பு கிறித்தவத்துக்கு முன்பிருந்தே எரிந்ததா?

ஆம் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆதாரம் அவ்வளவு தூரம் வரவில்லை.

7ஆம் நூற்றாண்டில் கில்டேரிலிருந்தே ஒருவர் எழுதியிருக்கிறார். கோகிதோசுஸ் என்ற அந்தத் துறவி கில்டேர்க் கோவிலை அங்குலம் அங்குலமாக வருணிக்கிறார். பீடத்துக்கு வலமும் இடமுமாகப் பிரிஜிட்டுக்கும் ஆயர் கொன்லெத்துக்கும் பொன்னும் வெள்ளியும் இழைத்த கல்லறைகள், மேலே தொங்கும் மகுடங்கள், ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் பலகைத் தடுப்பு எல்லாம் வருகின்றன. அணையா நெருப்பு வரவில்லை. ஊரின் பெருமையைச் சொல்லவே எழுதியவர், இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

இன்னொரு சிக்கல்: அணையா நெருப்பு பிரிஜிட்டுக்கு மட்டும் உரியதில்லை. சைகிர் என்ற ஊரில் புனித கியாரனின் ஆண்கள் மடத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவில் மந்திரித்த நெருப்பை ஆண்டு முழுவதும் காத்தார்கள். ஒரு பையன் அதை அணைத்துவிட்டதும் நேர்ந்த விபரீதங்கள் கியாரன் வரலாற்றில் வருகின்றன. ஸ்லைகோ கரைக்கு அப்பாலுள்ள இனிஷ்மரே தீவு மடத்திலும் ஒரு 'நெருப்பு வீடு' உண்டு. ஆக, கில்டேர் நெருப்பு ஒரு கிறித்தவ மட வழக்கமாகவே தொடங்கியிருக்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. பெண்கள் மட்டுமே காப்பது, மூச்சுப் படக்கூடாது, ஆண் நுழையக்கூடாது, பிரிஜிட்டே வந்து ஒரு முறை காப்பது: இவை சைகிரில் இல்லை. ரோமில் வெஸ்தா என்ற அடுப்புத் தெய்வத்தின் கன்னியர் காத்த நெருப்பை லத்தீன் படித்த எந்தத் துறவிக்கும் தெரியும். அந்தக் கதையைப் பார்த்து ஜோடித்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. என் முடிவு இதுதான்: கில்டேரை மட்டும் வைத்துக்கொண்டு பழைய தெய்வ வழிபாடு தொடர்ந்தது என்று சொல்ல முடியாது. அதற்குச் சாதாரண வீடுகளுக்குள் போக வேண்டும். கில்டேர் தீ அணைந்த பிறகும் பெண்கள் தினமும் கையாண்ட நெருப்பு அங்கேதான் இருந்தது.

கில்டேர் நெருப்பை அணைத்தது யார்?

1220இல் டப்ளின் பேராயர் ஹென்றி அணைக்க உத்தரவிட்டார். பிறகு மறுபடி ஏற்றினார்கள். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததோடு அது முடிந்தது.

வீட்டு நெருப்பில் அப்படி என்ன இருந்தது?

தீக்குச்சி இல்லாத காலம். அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் கங்கு இரந்துவர வேண்டும். அதனால் இரவில் தீயை அணைக்காமல், எரியவும் விடாமல், சாம்பலுக்குள் மூடி உறங்கவைப்பார்கள். எரிபொருள் பீட், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த மண்கட்டி. மெதுவாகக் கனிந்துகொண்டே இருக்கும்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டில் பாடல்களும் வேண்டுதல்களும் சேகரித்த அலெக்சாந்தர் கார்மைக்கேல் இதை நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். வீட்டுக்காரி தணலை வட்டமாகப் பரப்புவாள். நடுவில் சிறு மேடு விட்டு, வட்டத்தை மூன்று சம பாகமாகப் பிரிப்பாள். பாகத்துக்குப் பாகம் இடையில் ஒரு பீட் கட்டி. அதன் ஒரு முனை நடு மேட்டைத் தொடும். முதல் கட்டியை உயிரின் கடவுள் பெயரால் வைப்பாள், இரண்டாவதை அமைதியின் கடவுள் பெயரால், மூன்றாவதை அருளின் கடவுள் பெயரால். பிறகு எல்லாவற்றின் மேலும் சாம்பலை மூடுவாள், தீ மூச்சுமுட்டிச் சாகாத அளவுக்கு. கண்ணை மூடிக் கையை நீட்டி மெல்லிய குரலில் வேண்டுதல் சொல்வாள். அதில் மேரியும் வருவாள், பிரைட்டும் வருவாள். தீவுகளில் பிரிஜிட்டின் பெயர் பிரைட்.

சொற்கள் முழுக்கக் கிறித்தவம். சொல்பவளைக் கேட்டிருந்தால் தன்னைக் கிறித்தவள் என்றுதான் சொல்லியிருப்பாள். அவளைப் 'பழைய சமயத்தின் ரகசிய விசுவாசி' என்று எழுதுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

பிரிஜிட் திருநாளுக்கு முந்தைய இரவு என்ன செய்தார்கள்?

இது ஊருக்கு ஊர் மாறும். 1930களில் அயர்லாந்து அரசின் முயற்சியில் சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு ஊர் வழக்கங்களை எழுதினார்கள். 1942இல் பிரிஜிட் திருநாளுக்கென்றே நாட்டார் வழக்காற்று ஆணையம் தனிக் கேள்வித்தாள் அனுப்பியது. நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அப்படிக் கிடைத்தது.

வடக்கு மாவட்டங்களில் ஒருவர் வெளியே போய் அறுத்துவைத்த கோரைக் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, 'முழந்தாளிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்' என்பார். உள்ளே இருப்பவர்கள் 'வரட்டும், வரட்டும்' என்று வரவேற்பார்கள். கோரையை மேசைக்கு அடியில் வைத்து, மசித்த உருளைக்கிழங்கை வெண்ணெயோடு சாப்பிட்டுவிட்டு, அந்தக் கோரையிலேயே சிலுவை முடைவார்கள். அதைக் கூரையிலோ கதவுக்கு மேலோ செருகிவைத்தால் வீடு தீப்பிடிக்காது. கூரைவீட்டுக்காரருக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. 1961இன் கடைசி நாளில் தொடங்கிய ஐரிஷ் அரசுத் தொலைக்காட்சி இந்தச் சிலுவையைத்தான் சின்னமாக எடுத்துக்கொண்டது.

ஒரு துண்டுத் துணியையும் அன்று இரவு வெளியே போட்டுவைப்பார்கள். இரவில் பிரிஜிட் அந்த வழியே போவாள், துணியைத் தொடுவாள் என்று நம்பிக்கை. அதைத் தலைவலிக்குக் கட்டுவார்கள், ஈனச் சிரமப்படும் பசுவின் மேல் போர்த்துவார்கள். கால்வே பக்கத்தில் வைக்கோல் கயிற்றால் பெரிய வளையம் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். நோய் வராமலிருக்க எல்லோரும் அதற்குள் நுழைந்து வெளியே வருவார்கள். கெர்ரியில் இளைஞர்கள் உயரமான வைக்கோல் தொப்பியில் முகம் மறைத்து, பிரிஜிட் பொம்மையோடு பாட்டும் ஆட்டமுமாக வீடு வீடாகப் போவது இன்றும் நடக்கிறது.

சாம்பலில் பிரிஜிட்டின் தடம் பார்ப்பார்களாமே?

இதைப் பதிந்தவர் மார்ட்டின் மார்ட்டின். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்காரர், 1703இல் வெளியான மேற்குத் தீவுகள் நூலில் எழுதினார். வீட்டுத் தலைவியும் வேலைக்காரப் பெண்களும் ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றுக்குப் பெண் உடை உடுத்தி, பெரிய கூடையில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு மரத்தடியை வைப்பார்கள். 'பிரைட் வந்துவிட்டாள், பிரைட்டுக்கு நல்வரவு' என்று மூன்று முறை கூவிவிட்டு உறங்கப் போவார்கள். விடிந்ததும் அடுப்புச் சாம்பலில் அந்தத் தடியின் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் விளைச்சல் செழிக்கும், இல்லையென்றால் ஆண்டு சரியில்லை.

பழைய தெய்வ வழிபாட்டின் எச்சம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் கில்டேரை விட்டுவிட்டு இதைத்தான் சுட்டுவேன். வருகிறவள் ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்குள் வருகிறாள், படுக்கை கேட்கிறாள், அடுப்படியில் குறி சொல்கிறாள். கோவிலோ பாதிரியாரோ இதில் எங்கும் தலைகாட்டவில்லை.

பெல்ட்டேன் நெருப்பும் பிரிஜிட்டுடையதா?

இல்லை. பெல்ட்டேன் மே 1, கோடையின் தொடக்கம், மாடுகளை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டும் நாள். துரூயிதுகள் மந்திரம் ஓதி இரண்டு நெருப்பு மூட்டுவார்கள், நோய் அண்டாமலிருக்க ஆண்டுதோறும் மாடுகளை அவற்றுக்கு நடுவே ஓட்டுவார்கள் என்று அதே கோர்மக் தொகுப்பு சொல்கிறது. எந்தப் பெண் தெய்வமும் அதில் பேசப்படவில்லை.

ஸ்காட்லாந்தின் காலந்தர் பகுதிப் போதகர் 1790களில் எழுதியது சுவையானது. ஊர்ப் பையன்கள் புல்வெளியில் வட்டமாகக் குழி வெட்டி நடுவில் தீ மூட்டுவார்கள். பாலும் முட்டையும் காய்ச்சிக் குடிப்பார்கள். ஓட்ஸ் அடையைச் சுட்டு, ஆளுக்கு ஒன்றாகத் துண்டு போட்டு, ஒன்றில் மட்டும் கரி பூசித் தொப்பிக்குள் போடுவார்கள். கண்ணைக் கட்டி எடுக்க வேண்டும். கரித்துண்டு யாருக்கு வந்ததோ அவன் தீயை மூன்று முறை தாண்ட வேண்டும். முற்காலத்து நரபலியின் மிச்சம், பாகால் என்ற தெய்வத்துக்குச் செலுத்தியது என்று போதகர் முடிவுகட்டிவிட்டார். விவிலியத்தில் படித்த பாகாலை அவர் ஸ்காட்லாந்து மேட்டில் கண்டுபிடித்தது வேடிக்கை. அவர் கண்ணால் கண்ட விவரங்களை நம்பலாம், விளக்கத்தை விட்டுவிடலாம்.

அயர்லாந்தில் மே 1 காலை எந்த வீட்டிலும் தீயோ பாலோ வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் ஆண்டு முழுவதும் வெண்ணெய் திரளாது, பால்வளம் அவர்களோடு போய்விடும். பெல்ட்டேனில் பெண் கைக்கு வரும் நெருப்பு இதுதான்: குன்றின் மேல் எரிவதை ஆண்கள் பார்த்துக்கொள்ள, அடுப்பில் எரிவதைக் கைமாறாமல் அவள் காக்கிறாள்.

மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தால் தனி நெருப்பு உண்டாமே?

ஆம், திருநாளோடு சம்பந்தமில்லாதது. மார்ட்டின் சொல்வது: ஊரிலுள்ள எல்லா அடுப்பையும் அணைத்துவிடுவார்கள். மணமான ஆண்கள் 81 பேர் கூடுவார்கள். இரண்டு பெரிய பலகைகளை ஒன்பது ஒன்பது பேராக முறைவைத்து ஒன்றோடொன்று உரசித் தீக்கடைவார்கள். பிறந்த புதுத் தீயில் ஒரு பானை தண்ணீர் காயவைத்து, நோய்கண்ட மனிதர் மேலும் மாட்டின் மேலும் தெளிப்பார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலிருந்தே தீ போகும். இப்படிக் கடைந்தெடுப்பது ஜெர்மானிய நாடுகளிலும் இருந்தது. கெல்ட் மக்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஜூன் மாதத்திலும் நெருப்பு மூட்டுகிறார்களே?

ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய நாள். கால்வே, மேயோ போன்ற மேற்குப் பகுதிகளிலும் கார்க் பக்கத்திலும் இன்றும் எரிகிறது. கங்கை எடுத்துப்போய் வயலில் போடுவது, தணிந்த தீயைத் தாண்டுவது எல்லாம் உண்டு. ஐரோப்பா முழுவதும் இருக்கும் வழக்கம் இது.

பிரிட்டனில் நடக்கும் தீவிழாக்கள் எல்லாமே கெல்டிக் மரபா?

சுற்றுலாத் துண்டறிக்கைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஷெட்லாந்தின் லெர்விக்கில் ஜனவரி கடைசிச் செவ்வாயன்று பந்தம் ஏந்திப்போய்ப் படகைக் கொளுத்தும் விழா 19ஆம் நூற்றாண்டில் உருவெடுத்தது. அதன் வேடமும் வைக்கிங் வேடம். நவம்பர் 5 நெருப்பு 1605 வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதைக் கொண்டாடுவது. எடின்பரோவின் கால்டன் குன்றில் ஆயிரக்கணக்கானோர் கூடும் பெல்ட்டேன் தீவிழா 1988இல் கலைஞர்கள் தொடங்கியது. நல்ல காட்சி, போய்ப் பார்க்கலாம். பழமை என்று மட்டும் நம்ப வேண்டாம்.

கன்னி, தாய், கிழவி என்ற மூவடிவத் தெய்வம் பிரிஜிட்தானே?

அந்த வகைப்பாடு 20ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பரப்பியது. கோர்மக் சொல்லும் மூவரும் தொழிலால் வேறுபடுகிறார்கள்: பாட்டு, மருத்துவம், உலை. வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. மும்மூன்றாகத் தெய்வங்களைப் பார்ப்பது கெல்ட் மக்களுக்குப் பழக்கம்தான். ரோமானியர் காலத்துச் சிற்பங்களில் மூன்று தாய்மார் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்களும் பெரும்பாலும் ஒத்த வயதினரே.

இன்று அந்த நெருப்பு எரிகிறதா?

எரிகிறது. 1993இல் கில்டேர் சந்தைச் சதுக்கத்தில் பிரிஜிட்டின் சபை அருட்சகோதரிகளின் தலைவி மீண்டும் ஏற்றினார். ஒரு நீதி, அமைதி மாநாட்டின் தொடக்க நிகழ்வு அது. அதன் பிறகு அச்சகோதரிகள் தங்கள் இல்லத்தில் அதைக் காத்துவருகிறார்கள். 2006 பிப்ரவரி 1 அன்று சதுக்கத்தில் நிலையான நெருப்புத் தூண் ஒன்றை அன்றைய குடியரசுத் தலைவர் மேரி மக்கலீஸ் அர்ப்பணித்தார். சகோதரிகளின் 'சோலஸ் பிரீட' மையத்துக்குக் கத்தோலிக்கரும் வருகிறார்கள், பிரிஜிட்டைத் தெய்வமாக வணங்குபவர்களும் வருகிறார்கள்; யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. உலகின் பல மூலைகளில் சிறு குழுக்கள் 20 நாள் முறைவைத்து அவரவர் வீட்டில் சுடர் காக்கின்றன. 20ஆம் நாளைப் பிரிஜிட்டுக்கே விட்டுவிடுகிறார்கள்.

2023 முதல் அயர்லாந்தில் இது அரசு விடுமுறை: பிப்ரவரி முதல் திங்கட்கிழமை, பிப்ரவரி 1 வெள்ளியாக அமைந்தால் அன்றே. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த முதல் பொது விடுமுறை.

கில்டேருக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். பேராலய வளாகத்தில், கட்டடத்துக்கு வடக்கே, சீரமைத்த ஒரு செவ்வக அடித்தளம் இருக்கும். நெருப்பு வீடு இருந்த இடம் என்று காட்டுவார்கள். பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், தாழ்ந்த கற்சுவர் அவ்வளவே. பக்கத்தில் உயரமான வட்டக் கோபுரம். ஊருக்கு வெளியே டல்லியில், குதிரைப் பண்ணைக்கும் ஜப்பானியத் தோட்டத்துக்கும் அருகே பிரிஜிட்டின் ஊற்று. சுற்றிலும் மரக்கிளைகளில் துணித்துண்டுகள் கட்டியிருப்பார்கள். கோரைச் சிலுவை முடையக் கற்க விரும்பினால் ஜனவரிக் கடைசி வாரத்தில் போங்கள், அப்போதுதான் ஊரில் ஆங்காங்கே சொல்லித்தருவார்கள். குளிரும் மழையும் கடுமையாக இருக்கும், தகுந்த உடுப்போடு போக வேண்டும்.